தலைக்கு மேல் இருக்கும் கல்நார்: பழைய ஷீட்டைப் பிரிக்கும் முன் வணிகர்கள் அறிய வேண்டியவை

நமது இதழில் தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. கணக்கு என்று வியாபாரிக்கு வேண்டிய விஷயங்களை மாதந்தோறும் எழுதி வருகிறோம். அவை எல்லாம் கல்லாவைச் சுற்றி நடப்பவை. கல்லாவுக்கு மேலே இருக்கும் கூரையைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆடிக் கிருத்திகை நெருங்கினால் நம் திருத்தணியில் சுத்தியல் சத்தமும் கட்டிங் மெஷின் சத்தமும் ஆரம்பித்துவிடும். காவடிக் கூட்டம் நிழலுக்கு ஒதுங்கட்டும் என்று கடை முன்னால் சார்ப்பு இறக்குவோம். ஒழுகுகிற குடோனுக்கு மழைக்கு முன் ஷீட் மாற்றுவோம். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு முன்பும் இதே கதைதான். இந்த வேலைகளில் பிரிபடுவதும், அறுபடுவதும், உடைபடுவதும் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

அதைக் கையாளும் வேலையாட்களுக்கு முன்கூட்டிச் சொல்லித்தர வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. சொல்லித்தர வேண்டிய பொறுப்பு, வேலை கொடுக்கிற நமக்கும் வேலை எடுக்கிற கான்டிராக்டருக்கும் உண்டு. இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர். பூமியிலிருந்து கல்லாகத் தோண்டி எடுத்து, அடித்துப் பிரித்தால் பஞ்சுபோல நாராக வரும். தீயில் எரியாது, மக்காது, அமிலத்தையும் ஓரளவு தாங்கும், இழுத்தால் லேசில் அறாது. இவ்வளவு குணம் உள்ள சரக்கு இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் எந்த வியாபாரிதான் விடுவான்? நம் நாட்டில் 1934-ல் மத்தியப் பிரதேசத்துக் கைமூரில் கல்நார் சிமெண்டு ஆலை வந்தது. பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது. நமக்குப் பக்கத்து அரக்கோணத்திலும் 1960-களிலேயே சிமெண்டு ஷீட் ஆலை வந்துவிட்டதால் இந்த வட்டாரத்தில் வண்டிக் கூலிகூடப் பெரிதாக ஆகாது. ஓலையும் நாட்டு ஓடும் போய், சந்தைக் கொட்டகை, அரிசி மில், நெசவுக் கூடம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றின் மேலும் இந்த ஷீட் ஏறியது. 2004-ம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் கருகிப்போன பிறகு, ‘கூரை எரியாததாக இருக்க வேண்டும்’ என்பதே எல்லாருடைய கவலையும் ஆயிற்று. அந்தக் கவலையில் தவறில்லை.

பில்லில் இதை ‘ஏ.சி. ஷீட்’ என்று போடுவார்கள். சித்திரை வெயிலில், வானிலை அறிக்கையில் திருத்தணி சதம் அடித்த நாளில், அதன் கீழே உட்கார்ந்து பில் போட்டவர்களுக்கு அந்தப் பெயரின் வேடிக்கை புரியும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு என்பதன் சுருக்கம்தான் அது.

ஷீட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து பங்கு வரை கல்நார் இருக்கும். மீதி சிமெண்டும் பிற சேர்மானமும். மூன்று மீட்டர் ஷீட் சுமார் நாற்பது கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு ஷீட்டில் மூன்று, நான்கு கிலோ கல்நார். நூறு ஷீட் போட்ட குடோனின் தலைமேல் முந்நூறு, நானூறு கிலோ இருக்கிறது. சிமெண்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் பெரிய ஆபத்து இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தைக் கேள்விப்பட்டதும் நாளைக்கே ஷீட்டைப் பிடுங்கி எறியக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உடையாத, விரிசல் விடாத, யாரும் தொந்தரவு செய்யாத ஷீட்டின் கீழே உட்கார்ந்து வியாபாரம் செய்வதைவிட, அதைக் கண்டபடி அடித்து நொறுக்கிப் பிரிப்பதுதான் அதிக ஆபத்து.

அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், தேய்த்தால் அந்த நார் தூசியாகக் கிளம்பும். காற்றில் அளவெடுக்கிறவர்கள் எண்ணுகிற இழை மூன்று மைக்ரானைவிட மெல்லியது. நம் தலைமுடி ஐம்பது முதல் நூறு மைக்ரான் பருமன். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூசி அடங்கிய பிறகும், கண்ணுக்குத் தெரியாத இழைகள் மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். மூச்சோடு போன இழை நுரையீரலின் அடியில் தங்கினால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. எரியாது, மக்காது என்று நாம் மெச்சிய அதே குணம் உள்ளே போனதும் வினையாகிறது.

இதனால் வரும் நோய்கள் முக்கியமாக மூன்று. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆஸ்பெஸ்டோசிஸ் ஒன்று. நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. மூன்றாவது மீசோதீலியோமா என்ற புற்றுநோய். நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வருவது. இதற்குக் கல்நாரே முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வேலை செய்யுமிடத்தில் கல்நாரை சுவாசித்ததால் மட்டும் உலகில் வருடத்துக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கல்நார் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல் இறந்தார், வயது முப்பத்துமூன்று. அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக், அதில் இருந்த கல்நார்த் துகளைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1931-ல் அந்த நாட்டில் கல்நார் ஆலைத் தூசிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1965-ல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கலக்கமானது. மீசோதீலியோமா வந்தவர்களில் ஆலைப் பக்கமே போகாதவர்கள் சிலர் இருந்தார்கள். ஆலையில் வேலை செய்தவரின் துணியைத் துவைத்த மனைவி, ஆலைக்கு அரை மைலுக்குள் குடியிருந்தவர் என்று விவரம் வந்தது. நம் கடையில் ஷீட் அறுத்த பையன் சட்டையை உதறிவிட்டு வீட்டுக்குப் போகிறானே, அவன் வீட்டில் அந்தச் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அமெரிக்காவில் கல்நார் வேலை செய்தவர்களைப் பற்றி 1979-ல் வெளியான ஆய்வில், கல்நார் மட்டும் என்றால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் ஐந்து மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் பத்து மடங்கு, இரண்டும் சேர்ந்தால் ஐம்பது மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். ஐந்தும் பத்தும் பதினைந்து அல்ல, ஐந்து பத்து ஐம்பது. நம் ஊர் வெல்டர்களில் பீடி குடிக்காதவர் எத்தனை பேர்?

இந்த நோயின் பெரிய கெடுதல் அதன் தாமதம். இன்று சுவாசித்ததற்கு இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். தீ விபத்து என்றால் கண்ணெதிரே தெரிகிறது, மறுநாள் தீயணைப்புக் கருவி வாங்கி மாட்டுகிறோம். இங்கே வேலை செய்தவன் அன்று மாலை கூலி வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் போகிறான். ‘இருபது வருஷமா அறுக்கிறேன் முதலாளி, எனக்கு என்ன ஆச்சு’ என்று மேஸ்திரி கேட்கும்போது நமக்கும் பதில் இல்லாமல் போய்விடுகிறது. பதில் அந்த இருபது வருடத்திலேயே இருக்கிறது. கணக்கு முடிய இன்னும் காலம் இருக்கிறது.

இந்தத் தாமதத்தை நம் உச்ச நீதிமன்றம் நன்றாகப் புரிந்துகொண்டு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995-ம் ஆண்டு ஜனவரி 27 அன்று வந்த தீர்ப்பு அது. தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்றார்கள். கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். எல்லாத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. அல்லது நஷ்டஈட்டுச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். மறு பரிசோதனையில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருப்பதாகத் தெரிந்தவருக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்றார்கள். 1995-ல் ஒரு லட்சம் என்பது சின்னத் தொகை அல்ல. ஜி.எஸ்.டி. கணக்கை ஆறு வருடத்துக்கு மேல் வைத்திருக்கச் சொன்னாலே நாம் முணுமுணுக்கிறோம். நாற்பது வருடக் கணக்கு என்றால் அந்த நோய் எவ்வளவு பொறுமையானது என்று புரிந்துகொள்ளலாம்.

‘அது ஆலைக்காரர்களுக்குச் சொன்னது, நமக்கு என்ன’ என்று கேட்கலாம். உண்மைதான். தீர்ப்பு ஆலைகளைப் பற்றியது. நம் கடைகள் 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருபவை. 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலும், 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஆஸ்பெஸ்டோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோய்கள். ஷீட் மாற்றுவது மளிகை வியாபாரத்தின் அங்கமா, கான்டிராக்டரின் ஆளுக்குக் கடைக்காரர் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பதை வக்கீல்கள் வாதாடட்டும். நம் கடைப் பையனையே ஏணியில் ஏற்றி, ‘மேலே போய் அந்த உடைசலை எடுத்துப் போடுடா’ என்று சொல்லிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. வேலை கொடுத்தவர் நாம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்நார் ஷீட் செய்வதோ விற்பதோ வாங்குவதோ நம் நாட்டில் குற்றமல்ல. தடை கேட்டுத் தொடர்ந்த வழக்கை 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, 1995 உத்தரவுகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கச் சொல்லியது. சிமெண்டில் பிணைந்த நார் வெளியே வராது என்பது உற்பத்தியாளர்கள் வாதம். கூரையில் முழுசாக இருக்கும்வரை அந்த வாதம் நிற்கும். கட்டிங் மெஷின் அடியில் அது நிற்காது.

தடை செய்த நாடுகள் அறுபதுக்கு மேல் ஆகிவிட்டன. ஐஸ்லாந்து 1983-லேயே ஆரம்பித்தது. பிரிட்டன் 1999-ல், ஆஸ்திரேலியா 2003 கடைசியில், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-ல், பக்கத்து நேபாளம் 2015-ல் தடை செய்தன. கனடாக் கதை ஒரு வேடிக்கை. தன் நாட்டில் உபயோகத்தைக் குறைத்துக்கொண்டு நமக்கு வருடக்கணக்கில் ஏற்றுமதி செய்தது. 2011-ல் சுரங்கங்கள் நின்றன, 2018-ல் தடை வந்தது. சுரங்கம் இருந்த ஊருக்கே ஆஸ்பெஸ்டாஸ் என்றுதான் பெயர். 2020-ல் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நம் கணக்கும் அதற்குக் குறைந்ததல்ல. எல்லையைத் தாண்டிப் போனால் கடப்பா மாவட்டத்துப் புலிவெந்துலா பக்கம் கல்நார் பூமியிலேயே இருக்கிறது. 1986-ல் புதிய சுரங்கக் குத்தகையை நிறுத்தினார்கள், 1993-ல் பழைய குத்தகையைப் புதுப்பிப்பதையும் நிறுத்தினார்கள். ஆரோக்கியத்துக்குக் கேடு என்று தோண்டுவதை நிறுத்திவிட்டு, ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் கப்பலில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

இலங்கைக் கதையை மளிகைக்காரர்கள் ரசிப்பீர்கள். 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக இலங்கை அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைச் சரக்கு ஒன்றில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. கோதுமை மூட்டையில் நாம் பார்த்து அலுத்துப்போன அதே வண்டு. சில நாளில் இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ரஷ்யாவும் தேயிலைத் தடையை நீக்கியது. வண்டுக்கும் ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வியாபாரம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் தடைக்குப் பிறகும் பழைய கட்டடங்களில் கல்நார் நிறைய இருப்பதால், 2012-ம் வருட விதிகளின்படி ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கடை, குடோன், அலுவலகம் எதுவானாலும் கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்புள்ளவர், அதில் கல்நார் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ வேலைக்கு வந்தால் துளை போடும் முன் அதைக் காட்ட வேண்டும். கல்நாரைத் தொட நேரக்கூடிய எந்தத் தொழிலாளிக்கும் அடையாளம் காணும் பயிற்சி கட்டாயம். சிறு வேலை செய்பவருக்கு அதற்கு மேல் பயிற்சி, உதிரும் நிலையில் உள்ளதை எடுப்பவருக்கு உரிமம். நம் ஊரில் மேஸ்திரியிடம் இப்படி ஒரு சான்றிதழ் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார். ஆனால் நம் இந்தியத் தர நிறுவனமே கல்நார் சிமெண்டுப் பொருள்களைப் பாதுகாப்பாக உபயோகிக்க ஐ.எஸ். 11769 என்ற வழிகாட்டியையும், கழிவை அப்புறப்படுத்த ஐ.எஸ். 11768 என்ற வழிகாட்டியையும் 1980-களிலேயே வெளியிட்டுவிட்டது. படித்தவர்கள்தான் இல்லை.

சென்ற வருடம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் கண்டதைச் சொல்கிறேன். கடை திறந்திருக்கிறது. பச்சரிசி, துவரம்பருப்பு, உளுந்து மூட்டைகள் வாய் திறந்து வரிசையாக நிற்கின்றன. வாசலில் பலகை மேல் ஷீட்டை வைத்து ஒரு பையன் கட்டிங் மெஷினால் அறுக்கிறான். வாயில் ஒரு துண்டு. தூசி புகைபோலக் கிளம்பி உள்ளே போய் மூட்டை மேல் படிகிறது. சாமான் வாங்க வந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறாள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் வறட்டுக் கூட்டல். தூசி மறுபடி எழும்புகிறது. கடைக்காரர் மூட்டையைத் தட்டி உதறுகிறார். மூன்றாம் முறை எழும்புகிறது. அந்தக் கடைக்காரர் நல்லவர். ஈக்குப் பயந்து வெல்லத்தைக் கண்ணாடி மூடி போட்டு வைத்திருப்பவர். தெரியாததுதான் காரணம். அவரிடம் சொன்னபோது, ‘இத்தனை நாள் ஷீட் விற்றவனும் சொல்லவில்லை, போட்டவனும் சொல்லவில்லையே’ என்றார். நியாயமான கேள்வி.

இனி வேலைக்கு வருவோம். முதலில் உங்கள் கூரையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். சாம்பல் நிற அலை ஷீட், ஆறு மில்லி மீட்டர் கனம், தட்டினால் கல் சத்தம் வந்தால் கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ‘ஃபைபர் சிமெண்டு ஷீட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு வருபவற்றிலும் கல்நார் உள்ளது உண்டு, இல்லாததும் உண்டு. வாங்கும்போது கல்நார் கலந்ததா இல்லையா என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஷீட்டோடு நிற்காமல் பழைய தண்ணீர்க் குழாய், அடுப்பு, கொதிகலன் சுற்றிய வெள்ளைக் கயிறு, அந்தக் காலத்து லாரி பிரேக் லைனிங் இவற்றையும் பாருங்கள். உதிரும் நிலையில் உள்ள கயிறு ஷீட்டைவிட மோசமானது. ஒரு நோட்டில் எத்தனை ஷீட், எந்த வருடம் போட்டது, எங்கே விரிசல் என்று எழுதி வைத்துக்கொண்டால், பிரிட்டன்காரன் சொல்லும் பதிவேடு நம்மிடமும் வந்துவிட்டது.

சின்ன விரிசலுக்கு ஷீட்டை மாற்ற வேண்டியதில்லை. பூசி, மேலே வெள்ளைப் பெயிண்டு அடித்தால் நாரும் அடங்கும், சூடும் சற்றுக் குறையும். பெயிண்டு அடிக்கும் முன் பாசியைக் கம்பித் துடைப்பத்தால் சுரண்டுவதும், வாட்டர் சர்வீஸ் மெஷினால் பீய்ச்சி அடிப்பதும் கூடாது. பழைய ஷீட்டின் மேல்தோல் மழையில் அரித்து நார் வெளியே தெரியும் நிலையில் இருக்கும். சுரண்டினால் அத்தனையும் வரும். மலையடிவாரக் கடைக்காரர்களுக்குக் குரங்கு குதித்து உடைப்பது தனித் தொல்லை. அதற்கு வலை கட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஏறும் விஷயத்தில் ஒரு வார்த்தை. நுரையீரல் நோய் நாற்பது வருடம் கழித்து வருவது. ஷீட் உடைந்து கீழே விழுவது ஒரு நொடியில் நடப்பது. பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காது. மழைக்கு முன் ஒழுகலை அடைக்க ஏறிய ஒரு சுமைத் தொழிலாளி, ஷீட்டோடு பதினைந்து அடி கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து, பிறகு மூட்டையே தூக்க முடியாமல் போனதை நம் ஊரில் பலரும் அறிவோம். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. சட்டத்தின் மேல் குறுக்கே நீளப் பலகை போட்டு அதில்தான் நடக்க வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும், ஈரமாக இருந்தால் ஏறவே கூடாது.

ஆனால் கழற்றும்போது ஷீட் ஈரமாக இருக்க வேண்டும். இது முரண்போலத் தெரியும். கீழிருந்தும், பலகை மேலிருந்தும் வேலை செய்யும் இடத்தை மட்டும் தெளிப்பானால் நனைத்துக்கொண்டே போக வேண்டும். தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டால் நன்றாக ஊறும். ஜே ஹூக் நட்டைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் நட்டை அறுக்கலாம், ஷீட்டை அறுக்கக் கூடாது. முழுசாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். மேலிருந்து தள்ளிவிட்டு ‘தூரப் போ, தூரப் போ’ என்று கத்துகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும். புது ஷீட் போடுகிறவர்கள் அளவு பார்த்து வாங்கினால் அறுக்கும் வேலையே பாதி குறையும். அரை மீட்டர், கால் மீட்டர் வித்தியாசத்தில் அளவுகள் கிடைக்கின்றன. அப்படியும் அறுத்தே ஆக வேண்டுமென்றால் திறந்த வெளியில், நனைத்து, கை ரம்பத்தால் அறுக்க வேண்டும். கட்டிங் மெஷின் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு முந்தின நாள் மூட்டைகளை வேறு இடம் மாற்றுங்கள், முடியாவிட்டால் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். அன்று கடை அடைப்பு. ஒரு நாள் வியாபாரம் போகும், போகட்டும். முகக் கவசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். துண்டு, கைக்குட்டை, கோவிட் காலத்து நீல மாஸ்க் எதுவும் இந்த இழையைத் தடுக்காது. என்-95 மாஸ்க்கைக்கூட இந்த வேலைக்குப் போதுமானதாக அமெரிக்காவில் ஒப்புக்கொள்வதில்லை. எஃப்.எஃப்.பி.3 வகை அல்லது பி-100 வடிகட்டி போட்ட கவசம் வேண்டும். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். முழுக்கை உடுப்பை வேலை முடிந்ததும் அங்கேயே ஈரத்தோடு கழற்றிப் பையில் போட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கை, முகம் கழுவிய பிறகுதான் டீ, பீடி எல்லாம். பீடியே வேண்டாம் என்பது வேறு விஷயம். தரையை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அந்தத் துணியையும் கழிவோடு சேர்க்க வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனர் இழையை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதிவிடும்.

கழிவு எங்கே போகிறது என்பதில்தான் நம் ஊர் மிகவும் மோசம். நந்தியாற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் உடைந்த ஷீட் குவியலைப் பார்க்காதவர் இல்லை. சிலர் பொடித்து அஸ்திவாரத்துக்கும் பாதைக்கும் போடுகிறார்கள். அதன் மேல் வண்டி ஓட ஓட, ஷீட்டை அறுப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. 2016 டிசம்பர் வர்தா புயலில் பறந்து உடைந்த ஷீட்டுகளைத் துப்புரவுத் தொழிலாளர்கள் வெறுங்கையால் வாரிப்போட்டார்கள். முறையான வழி, நனைத்த துண்டுகளைக் கனத்த பாலிதீன் பையில் இரண்டு உறையாகக் கட்டி, வெளியே கல்நார் என்று எழுதி, தார்ப்பாய் போட்ட வண்டியில் அனுப்புவது. முழு ஷீட்டை உடைக்காமல் பாலிதீனில் சுற்றலாம். அபாயக் கழிவைப் புதைக்கும் அங்கீகாரம் பெற்ற இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. பத்து ஷீட்டுக்காக ஒரு கடைக்காரர் அங்கே லாரி அனுப்புவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்துக் கடைக்காரர் சேர்ந்து, சங்கம் மூலம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் நகராட்சியிடமும் கேட்டு, வருடத்துக்கு ஒரு முறை ஒரு லாரி அனுப்ப முடியும். நெல் மூட்டையைக் கூட்டாக லாரி பிடித்து அனுப்பத் தெரிந்த நமக்கு இது கஷ்டமான காரியம் அல்ல.

மாற்றாக என்ன போடுவது என்று கேட்பீர்கள். கலர் கோட்டிங் தகரம், கல்நார் கலக்காத ஃபைபர் சிமெண்டு, மங்களூர் ஓடு, கான்கிரீட் என்று இருக்கின்றன. தகரம் மழைக்குச் சத்தம் போடும், உப்பு மூட்டை வைக்கிறவர்களுக்குத் துருப்பிடிக்கும். உப்பு, புளி குடோனுக்கு நான் தகரத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கான்டிராக்டரிடம் பேசும்போது வாய் வார்த்தையோடு விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூரையில் கல்நார் இருப்பதை அவருக்குத் தெரிவித்தோம்; கட்டிங் மெஷின் உபயோகிக்கக் கூடாது; நனைத்துப் பிரிக்க வேண்டும்; கவசமும் உடுப்பும் யார் செலவு; பதினெட்டு வயதுக்குக் கீழ் ஆள் கூடாது; கழிவை எங்கே, யார் கொண்டுபோவது; வேலை செய்தவர்கள் பெயரும் தேதியும். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கவசச் செலவை நாமே ஏற்றுக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அவரிடம் விட்டால் கூலியில் கழிப்பார், ஆள் துண்டைத்தான் கட்டுவான். அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் கடைப் பத்திரங்களோடு வையுங்கள்.

பயிற்சிக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். செயற்குழுவும் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறது. சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது. மாநில அரசில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. இவர்களில் ஒருவரை அழைத்து, ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மாதம் முன்பே, ஊரில் ஷீட் வேலை எடுக்கும் மேஸ்திரிகள், வெல்டர்கள், நகரியிலிருந்து வரும் கான்டிராக்டர்கள் எல்லாருக்கும் அரை நாள் செய்முறை விளக்கம் நடத்தலாம். தெலுங்கில் சொல்பவர் ஒருவரும் வேண்டும். வருகிறவர்களுக்கு அரை நாள் கூலியும் சாப்பாடும் கொடுத்தால்தான் வருவார்கள், அதையும் சங்கம் யோசிக்க வேண்டும். உங்கள் கடைக்கு வழக்கமாக வரும் மேஸ்திரியின் பெயரையும் போன் நம்பரையும் இந்த மாதக் கடைசிக்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.